சேர்வர் குடிபோன வீடு

மொரதென்னைத் தோட்டத்தில், மேற்கணக்கு என்கிற மேல் பிரிவில், ரப்பர் பால் வெட்டுகிற அந்தோனியம்மாவுக்கு வீடு கிடைத்திருந்தது, சாவிதான் கிடைக்கவில்லை.

வீடு கிடைத்த காரணம் அப்படியொன்றும் சந்தோஷமானதல்ல. போன வருஷத்து மழையில், மேற்கணக்கு ஆட்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு வாய் பிளந்தது. விரல் நுழைகிற வெடிப்பு ஒரே வாரத்தில் கால் நுழைகிற வெடிப்பாயிற்று. கொழும்பிலிருந்து மண் பரிசோதிக்கிறவர்கள் வந்து, லயத்துச் சுவரில் சிவப்புக் கடுதாசி ஒட்டி, இங்கே குடியிருப்பது ஆபத்து என்று மூன்று பாஷையிலும் எச்சரித்துவிட்டுப் போனார்கள். வேறு எங்கே குடியிருப்பது என்று ஒரு பாஷையிலும் சொல்லவில்லை.

அதைச் சொல்வதற்கென்றே பெருந்தோட்டக் குடிவாழ்வு மேம்பாட்டு அதிகாரசபை என்று ஒன்று இருந்தது. அது பள்ளிக்கூட மேட்டில், கெட்டியான தரையில், இருபத்துநான்கு வீடுகளைக் கட்டி முடித்தது. கூரை போட்டாயிற்று, மஞ்சள் பெயின்ட் அடித்தாயிற்று, கதவுகளில் இலக்கம் எழுதிப் பூட்டும் போட்டாயிற்று. எந்தக் குடும்பத்துக்கு எந்த வீடு என்கிற பட்டியல் மட்டும் தெரணியகலை டவுனில், அதிகாரசபையின் மாடிக் கந்தோரில், சேர்வருக்குள் இருந்தது. அந்தக் கந்தோரின் அத்தனை கோப்புகளையும் தனக்குள் வைத்திருக்கிற பெரிய கம்ப்யூட்டர் அது. கடுதாசியில் பிரதி இல்லையா என்றால், இருந்தது. ஜனவரி மாதம் 'கடதாசியற்ற காரியாலயம்' ஆனதைக் கொண்டாடும் விழாவில், பிராந்தியப் பணிப்பாளர் சுதாகரன் குத்துவிளக்கை ஏற்றிவிட்டு, அதே நெருப்பால் முற்றத்தில் குவித்திருந்த கோப்புகளையும் ஏற்றினார். எரிந்த இடத்தில் இப்போது ஒரு பளிங்குக் கல் இருக்கிறது. அதில் அவர் பெயரும் தேதியும் பொறித்திருக்கிறார்கள்.

மார்ச் மாதக் கடைசியில், வெட்டு முடிந்து பாலை நிறுத்துக் கொடுத்த கையோடு, அந்தோனியம்மா பஸ் ஏறிக் கந்தோருக்குப் போனாள். வாசலில் இருந்த சிங்களக் காவலாளி, "சேர்வர் லெடாயி அக்கே," என்றான். சேர்வருக்குச் சுகமில்லையாம். அவள் காதில் அது 'சர்வேயர்' என்று விழுந்தது. காணி அளக்கிறவருக்கு என்னவோ ஏதோ என்று மாடியேறிப் போய், மேசையில் இருந்த கிளாக்கர் பெண் றமீலாவிடம், "ஐயாவ எங்கம்மா வச்சிருக்காங்க? கரவனெல்ல ஆஸ்பத்திரியிலயா?" என்று விசாரித்தாள்.

றமீலா சிரிக்கவில்லை. அந்த வாரத்தில் அதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவள். "ஆள் இல்லக்கா, கம்ப்யூட்டர். தொறக்க மாட்டேங்குது. அடுத்த திங்கக்கிழம வாங்க."

அடுத்த திங்களும் வந்தாள், அதற்கடுத்த திங்களும் வந்தாள். நாலாவது திங்கள், பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் ருவான்வெல்லை கடைவீதியில் கம்ப்யூட்டர் திருத்துகிற மஷூர், தோளில் பையோடு மாடியேறி வந்தான். சேர்வர் இருந்த அறை பெஞ்சுக்கு நேர் எதிரில். கதவு திறந்திருந்ததால் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. பெட்டியைத் திறந்தான், தூசி ஊதினான், ஒரு பச்சைத் தகட்டைக் கழற்றி வேறு பள்ளத்தில் செருகினான், திரையில் ஓடிய எழுத்துகளைப் படித்தான். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இதுல ரெண்டு வியாதி ஈக்கி சேர்," என்றான், வாசலில் வந்து நின்ற பணிப்பாளரிடம். "மெமரித் தகட்டுல ஒண்டு செத்துப் போச்சி. அதால வேல செய்யக்கொள்ளயே நிண்டுருது. மத்தது, டிஸ்க் அழியத் தொடங்கீக்கி. நாப்பத்தொரு எடத்துல வாசிக்க ஏலாது. பெரிய வருத்தமில்ல. புது மெமரி ஒண்டும் புது டிஸ்க் ஒண்டும் தந்தா, அரை நாள்ல பழசுல ஈக்கிற எல்லாத்தையும் புதுசுக்கு எடுத்துத் தாறன். அது வரைக்கும் இதப் போடவே வாணாம். போடப் போட இன்னும் அழியும்."

அந்தோனியம்மாவுக்கு அது நன்றாக விளங்கியது. பட்டை காயம்பட்ட ரப்பர் மரத்தை ஆறும்வரை வெட்டக் கூடாது; வெட்டினால் மரம் போய்விடும். இதிலே விளங்காமல் போக என்ன இருக்கிறது?

பணிப்பாளர் சுதாகரனுக்கு விளங்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீங்கள் தனியாள். பத்து நிமிடத்தில் ஒரு தனியாள் கண்டுபிடித்த பிழையை ஓர் அதிகாரசபை எப்படி ஏற்றுக்கொள்வது? பிழை என்று ஒன்று இருந்தால் அது ஒரு குழுவின் முன்னால் நிரூபிக்கப்பட வேண்டும். குழு பார்க்காத பிழை, பிழையே அல்ல."

"அப்ப குழுவுக்குக் காட்டணுமெண்டா போடணுமே சேர். போட்டா அழியும்."

"அழிந்தால் அதுவும் குழுவின் முன்னால்தான் அழிய வேண்டும்," என்றார் பணிப்பாளர்.

அப்படியாக, வட்டு மற்றும் நினைவகப் பிழைகள் தொடர்பான விசேட ஆய்வுக் குழு உருவாயிற்று. ஒன்பது பேர். சுற்றறிக்கையின்படி அதில் ஒருவர் பயனாளியாக இருக்க வேண்டும். பயனாளியை எங்கே போய்த் தேடுவது என்று பணிப்பாளர் யோசித்தபடி வெளியே வந்தார். பெஞ்சில் அந்தோனியம்மா இருந்தாள்.

முதல் கூட்டத்தில் அவளுக்கு ஒரு பூமாலை போட்டு, முன்னால் 'பயனாளி' என்று எழுதிய பலகையை வைத்தார்கள். மற்றவர்களின் பலகைகளில் பெயரும் பதவியும் இருந்தன. ரோல்ஸும் கட்லட்டும் பரிமாறினார்கள். அவள் தன் பங்கு ரோல்ஸைக் கைலேஞ்சியில் மடித்து, வீட்டில் இருக்கும் மகள் சரோனுக்காக மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு சேர்வரைப் போட்டார்கள். அது கரகரவென்று இருமியது. திரை நீலமாயிற்று, வெள்ளை எழுத்துகள் வந்தன, நின்றன. குழு எழுந்து நின்று பார்த்தது. போட்டோ எடுத்தார்கள். ஒருவர் சரியாகப் பார்க்கவில்லை என்றார், மறுபடி போட்டார்கள். போட்டோவில் பணிப்பாளர் கண்ணை மூடிவிட்டார், மறுபடி போட்டார்கள். மூலையில் நின்றிருந்த மஷூரின் முகத்தைப் பார்க்க அந்தோனியம்மாவுக்குப் பாவமாக இருந்தது. கூட்டம் முடிகிறபோது வாசிக்க முடியாத இடங்கள் நாற்பத்தொன்றல்ல, முந்நூற்று எண்பது.

"பிழை உண்டு என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது," என்று பணிப்பாளர் பேசினார். "பிழையே இல்லை என்று இந்த அதிகாரசபையை நோக்கி இனி யாரும் விரல் நீட்ட முடியாது."

கைதட்டல் ஓய்ந்ததும் அந்தோனியம்மா எழுந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசியது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"ஐயா, மன்னிச்சுக்கங்க. அந்த லிஸ்டுல இருக்கறது எங்க லயத்து ஆளுங்கதான். இருபத்துநாலு குடும்பம். ஒண்ணாங் காம்பராவுல சுப்பம்மாக்கா, ரெண்டாவதுல நாங்க, மூணாவதுல ஜீவராணி, அது புருசன், ரெண்டு புள்ளைங்க. எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குங்க. நான் சொல்றேன், நீங்க எழுதிக்கிட்டு சாவியக் குடுத்துட்டா, இந்தப் பொட்டிய ஆறுதலாப் பாக்கலாங்களே?"

குழுவில் இருந்த சட்ட உத்தியோகத்தர் பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் கோபப்படவில்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இதமாகத்தான் சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆனால் அது அனுமதிக்கப்பட்ட ஞாபகம் அல்ல. அரசாங்கம் ஏற்றுக்கொண்ட நினைவகம் இதோ, இந்தப் பெட்டியில் இருக்கிறது. அது பழுதாகியிருக்கிறது என்பதற்காகப் பழுதாகாத நினைவகத்தை நாங்கள் பாவிக்கத் தொடங்கினால், ஒழுங்கு என்னவாகும்?"

என்னவாகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தாள்.

முதல் கூட்டத்துக்கு வராதவர்களுக்காக இரண்டாம் கூட்டம் நடந்தது. அவர்களும் பிழையைக் கண்ணால் பார்க்க வேண்டுமல்லவா? போட்டார்கள். மூன்றாம் கூட்டத்துக்கு இரத்தினபுரியிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள். அவர்களுக்காக இரண்டு முறை போட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மஷூரைக் கூப்பிட்டு, கெட்டுப்போன இடங்களை எண்ணச் சொன்னார்கள். அவன் எண்ணிச் சொன்னதை றமீலா பட்டியல் போட்டாள். நாலாம் கூட்டத்தில் அது வண்ணப்படமாகச் சுவரில் விழுந்தது. இடது பக்கத் தரையில் தொடங்கி வலது பக்கக் கூரையில் போய் முட்டுகிற ஒரு சிவப்புக் கோடு.

"ஏப்ரல் மாதம் நாற்பத்தொன்று. இன்று பன்னிரண்டாயிரத்து எழுநூறு," என்றார் பணிப்பாளர், கோட்டின் உச்சியைக் குச்சியால் தொட்டு. "இந்தப் பிராந்தியத்தில் எந்தத் துறையிலும் இத்தகைய வளர்ச்சியை நீங்கள் பார்த்திருக்க முடியாது."

அதே கூட்டத்தில், சேர்வர் நலம்பெற வேண்டிச் சர்வமதப் பிரார்த்தனை நடத்தவும் முடிவாயிற்று. நாலு மதத்துக்கும் ஆளுக்கொருவர் வேண்டும். பங்குச் சாமியாருக்கு அன்றைக்கு வேறு பூசை இருந்ததால், வேதக்காரி என்பதற்காக அந்தோனியம்மாவை முன்னால் நிறுத்தினார்கள். பெட்டிக்கு எதிரே கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். வாய் சேர்வருக்காக மன்றாடியது. மனசு பின்பக்கத்து மலையிலேயே நின்றது. அன்று காலையில் சமையல்கட்டுச் சுவரில் புதிதாக ஒரு கீறலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கைலேஞ்சியை அவிழ்த்தாள். சரோன் கட்லட்டைப் பிட்டுத் தின்றபடி கேட்டாள்: "இன்னைக்கு என்னம்மா முடிவு பண்ணாங்க?"

"அடுத்த கூட்டத்துக்கு ரோல்ஸ் வேணாமாம். பெட்டிஸாம்."

மே மாதம் மழை பிடித்துக்கொண்டது. லயத்துக்குப் பின்னாலிருந்து மண்ணும் கல்லும் கலந்த தண்ணீர், கதவு என்றுகூடப் பார்க்காமல் முன்வாசல் வழியாக வெளியே போனது. மேற்கணக்கு ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டுக்குப் போய், புது வீடுகளின் தாழ்வாரத்தில் ஒண்டினார்கள். அதிகாரசபை ஆள் அனுப்பி, பூட்டிய வீட்டின் தாழ்வாரமும் பூட்டிய வீட்டைச் சேர்ந்ததே என்று விளக்கி அவர்களை இறக்கிவிட்டது.

அதே மழை தெரணியகலைக் கந்தோரின் கூரையிலும் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தது. சேர்வர் இருந்த அறையில், சேர்வருக்கு மூன்றடி தள்ளி, ஒரு சொட்டு விழுந்தது. இரண்டாவது சொட்டு விழுவதற்குள் அதிகாரசபை விழித்துக்கொண்டது.

ஐந்தாம் கூட்டம் அவசரக் கூட்டம். அன்றைக்குப் பணிப்பாளரின் குரல் தழுதழுத்தது.

"ஆபத்தான இடத்தில் ஒரு நாள்கூட விட்டு வைக்க முடியாது. ஈரம், ஒழுக்கு, சுவரில் பூஞ்சணம்! இந்த நிலையில் யார் இருக்க முடியும்? இன்னும் மூன்று நாளைக்குள் பாதுகாப்பான, உறுதியான நிலத்தில், புதிய கட்டடம் ஒன்றில் குடியமர்த்த வேண்டும். ஓர் உயிர்... மன்னிக்கவும், ஒரு சேர்வர் போனால் வருமா?"

தன் லயத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அந்தோனியம்மா அரை நிமிஷம் நம்பினாள். நெஞ்சு நிறைந்து, கை கூப்பவும் தொடங்கினாள். பக்கத்தில் இருந்த றமீலா மெதுவாக அவள் முழங்கையைத் தொட்டு, "சேர்வரச் சொல்றாருக்கா," என்றாள்.

மூன்று நாளென்று சொன்னது இரண்டே நாளில் நடந்தது. பள்ளிக்கூட மேட்டில் ஒன்றாம் இலக்க வீட்டைத் திறந்து, முன்னறைக்கு மாபிள் பதித்து, ஏசி பூட்டினார்கள். மேற்கணக்கு சனம் மழையில் நனைந்துகொண்டு ரோட்டோரத்தில் நிற்க, சேர்வர் ஜீப்பில் வந்தது. மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறங்கியதும் இருவர் குடை பிடித்தார்கள். வாசலில் பால் காய்ச்சினார்கள். பணிப்பாளர் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.

"நம்மளுக்கு இல்லாட்டியும் யாரோ ஒருத்தருக்கு வீடு கெடச்சிருச்சு," என்றாள் சுப்பம்மா, முந்தானையைப் பிழிந்தபடி.

அன்றைக்குப் பிறகு ஏசியைத் தவிர அந்த வீட்டில் எதுவும் ஓடவில்லை. ஏற்றி இறக்கிய குலுக்கலில் டிஸ்க் மொத்தமாக நின்றுபோயிருந்தது. போட்டால் இருமக்கூட இல்லை. மஷூர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, உதட்டைப் பிதுக்கினான்.

ஆறாம் கூட்டத்தில், "இப்போது பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை," என்று பணிப்பாளர் அறிவித்தார். "இது குழுவின் முதல் வெற்றி."

அன்று திரும்பும்போது பஸ் வரவில்லை. ஹோல்ட்டில் அந்தோனியம்மாவும் மஷூரும் ஒரே குடையின் கீழ் நின்றார்கள். மழை சரிந்து அடித்தது. அவள் மலையின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"தம்பி, இவங்களுக்குப் புரியற மாதிரி என்னாதான் சொல்றது?"

மஷூர் குடையை மழைப்பக்கம் சாய்த்தான். "புரியிற மாதிரி செல்ல ஏலாதக்கா. அவங்கட சுற்றறிக்கையில ஈக்கிறதத்தான் செல்ல ஏலும்." பையைத் திறந்து, நனையாமல் வைத்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தான். குழுவில் எல்லோருக்கும் கொடுத்த தரவுப் பாதுகாப்புச் சுற்றறிக்கை அது. அவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். அவள் அதை அரிசி டின்னுக்கு மூடியாக வைத்திருந்தாள். "இதப் பாருங்க. சேர்வருக்குக் காவலாள் ஒருத்தர் அதே கூரைக்குக் கீழ இருபத்துநாலு மணித்தியாலமும் இருக்கணுமாம். அவருக்குச் சுகமில்லாமப் போனாப் பதில் ஆக்களும் இருக்கணுமாம். இது வரைக்கும் ஒருத்தரும் போடல்ல."

அந்தோனியம்மா புத்தகத்தை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். அடுத்த பக்கத்தையும் திருப்பினாள். அங்கே பிரதிகளைப் பற்றி இன்னொரு பந்தி இருந்தது. அதை இரண்டு தடவை படித்தாள்.

"தம்பி, 'வெவ்வேறு கட்டடங்களில்'னா... எத்தன கட்டடம்?"

"அது செல்லல்லயே," என்றான் மஷூர். அவள் முகத்தைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஏழாம் கூட்டத்தில் அவள் எழுந்தாள். இந்தத் தடவை கையில் சுற்றறிக்கை இருந்தது.

"ஐயா, நம்ம சுற்றறிக்கை, எட்டாம் பந்தி. சேர்வருக்குக் காவலாள் இல்லீங்க. மேலிடத்துல கேட்டா நம்ம அதிகாரசபைக்குத்தான் அவமானம். நான் இருக்கேங்க. எனக்கு ஏலாமப் போனா எம் மக இருப்பா."

பணிப்பாளர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். எட்டாம் பந்தி அங்கேதான் இருந்தது. சபையை நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "பாருங்கள்! ஒரு சாதாரண பயனாளி! சுற்றறிக்கை படிக்கிறார்!"

"இன்னொண்ணுங்க. ஒம்பதாம் பந்தி. பிரதி எடுத்து வெவ்வேற கட்டடத்துல, தனித்தனிக் காவலோட வைக்கணுமாம். நம்மகிட்ட இன்னும் இருபத்துமூணு கட்டடம் சும்மா பூட்டிக் கெடக்குதுங்க."

அறையில் ஒரு சலசலப்பு எழுந்தது. சட்ட உத்தியோகத்தர், வீடுகளைப் பயனாளிகள் பட்டியல் இல்லாமல் திறக்க முடியாது என்றார். பணிப்பாளர் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"வீடாகத் திறந்தால்தானே பட்டியல் வேண்டும்? தரவுக் காப்பகமாகத் திறந்தால்? நண்பர்களே, இந்த நாட்டில் எந்தத் திணைக்களத்துக்கு இருபத்துநான்கு தரவுக் காப்பகங்கள் இருக்கின்றன? கொழும்பில் இருக்கிறதா? இரத்தினபுரியில் இருக்கிறதா? நம்மிடம் இருக்கப்போகிறது!"

"ஆனா சேர்," என்று மஷூர் மெதுவாகச் சொன்னான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத தொழில்காரன். "டிஸ்க் மௌத்தாப் போச்சி. பிரதி எடுத்தா வெறும் சீடிதான் வரும். ஒண்டும் ஈக்காது."

"உள்ளடக்கம் பற்றி ஆராய்வதற்கு வேறொரு குழு அமைக்கப்படும். நம் வேலை பாதுகாப்பு," என்றார் பணிப்பாளர். "அம்மா, நம்பகமான காவலர்கள் இருபத்துமூன்று பேர் கிடைப்பார்களா?"

"கெடப்பாங்கய்யா. சொல்றேன், எழுதிக்கங்க," என்றாள் அந்தோனியம்மா.

சொன்னாள். ஒன்றாங் காம்பரா சுப்பம்மா. மூன்றாங் காம்பரா ஜீவராணி, பதிலாட்கள் மூவர். நாலாங் காம்பரா... மூச்சு விடாமல், ஒரு பிள்ளையின் பெயர்கூட விடாமல் சொல்லி முடித்தாள். றமீலா தட்டிக்கொண்டே வந்தாள். பத்துப் பெயர் தாண்டியதும் அவள் விரல்கள் நின்றன. இந்தப் பெயர்களை, இதே வரிசையில், போன வருஷம் அவள்தான் பயனாளிகள் பட்டியலாகத் தட்டியிருந்தாள். அந்தோனியம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தோனியம்மாவும் பார்த்தாள். பிறகு றமீலா மறுபடி தட்டத் தொடங்கினாள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, யாரும் கேட்காமலே, வீட்டு இலக்கத்தையும் போட்டாள். கடதாசியற்ற காரியாலயத்தில் ஒளித்து வைத்திருந்த கடதாசியை எடுத்து அச்சடித்து நீட்டினாள். பணிப்பாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை மேற்கணக்கு லயம் காலியாயிற்று. பாய், பானை, கோழிக்கூடு, பள்ளிக்கூடப் பை, கட்டிலோடு தூக்கி வந்த சுப்பம்மாவின் நடக்க முடியாத புருஷன் என்று எல்லாம் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறின. ஒவ்வொரு வாசலிலும், சேர்வர் இருந்த வீட்டு வாசலிலும்கூட, ஓர் உத்தியோகத்தர் நின்று, அரக்கு முத்திரை வைத்த உறையில் ஒரு வெற்றுச் சீடியைக் கொடுத்து, பதிவில் கையெழுத்து வாங்கி, பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அந்தோனியம்மாவின் வீட்டில் முன்னறை முழுவதும் சேர்வருக்கு. அம்மாவும் மகளும் பின்னறையில். ஏசிக் குளிர் கதவிடுக்கால் வந்ததால் சரோன் மே மாதத்தில் சுவெட்டர் போட்டுக்கொண்டு பாடம் படித்தாள். ஒயர் சரிபார்க்க வந்த மஷூரிடம் அந்தோனியம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"தம்பி, காவலுக்குக் குடுத்த கடுதாசியில 'சேர்வர் சீராகும் வரை'ன்னு போட்டிருக்கு. அது சீராயிட்டா நம்மள வீட்ட விட்டு எழுப்பிருவாங்களா?"

"எழுப்பத்தான் பாப்பாங்க."

"சீராயிருமா?"

"அந்தக் குழு ஈக்கிற வரைக்கும் நீங்க பயப்பட வாணாம் அக்கா."

பதினோராம் நாள் வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மலை இறங்கியது. முதலில் பெரிய லொறி ஒன்று தூரத்தில் கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். அந்தோனியம்மா வாசலுக்கு ஓடி வந்தபோது ரப்பர் மரங்கள் நின்ற நிலையிலேயே நடந்து வந்துகொண்டிருந்தன. நாலு மூச்சு விடுகிற நேரம்தான். லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டும் இருந்தது. அதில் ஒரு கூரைத் தகரம் பாதி நிமிர்ந்து நின்றது. மூன்று நாளாக விடாத மழை. மழை நாளில் பால் வெட்டு இல்லை. அந்த நேரத்தில் எல்லோரும் காம்பராவுக்குள்ளேதான் இருந்திருப்பார்கள். பிள்ளைகள் படுத்துக்கூட இருந்திருப்பார்கள். ஜீவராணி நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, இரண்டு பிள்ளைகளையும் இழுத்து அணைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். அந்தோனியம்மாவுக்குச் சரோனின் கையை விடவே முடியவில்லை.

பிற்பகல் ஜீப்புகள் வந்தன. பணிப்பாளர் இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "எல்லாம் பத்திரமா?" என்பது. பத்திரம்தான் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். "கொண்டு வாருங்கள்," என்றார். ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சீடியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவரே எண்ணினார். இருபத்துநான்கு. முத்திரை உடையவில்லை.

பிறகு செம்மண் சரிவு பின்னால் தெரியும்படி நின்றுகொண்டு, பத்திரிகைக்காரருக்குப் பேசினார்.

"இயற்கையின் சீற்றத்தை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் தூரநோக்கோடு செயற்பட முடியும். இந்த அனர்த்தத்துக்குப் பதினொரு நாள் முன்பே நாங்கள் அனைத்துப் பிரதிகளையும் உறுதியான நிலத்துக்கு மாற்றியிருந்தோம். ஒரு சீடிகூட நனையவில்லை. சேர்வர் இருக்கும் அறையில் வெப்பநிலைகூட மாறவில்லை."

பத்திரிகைக்காரர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, மண்ணைக் காட்டிக் கேட்டார்: "அந்த லயத்தில எத்தனை பேர் இருந்தாங்க சேர்? அவங்களுக்கு என்ன ஆச்சு?"

பணிப்பாளர் கண்ணாடியைத் துடைத்தார். அவரைச் சுற்றி, ஒரு முழம் தள்ளி, மேற்கணக்கு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. கைக்குழந்தை ஒன்று அவர் கோட்டைப் பிடித்து இழுத்தது.

"அந்த விவரங்கள் சேர்வரில் இருக்கின்றன," என்றார். "சேர்வர் திறந்ததும் உங்களுக்கு அறியத் தருவோம்."

அந்தோனியம்மாவுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "தொண்ணூத்தேழு பேருங்க," என்றாள் சத்தமாக. "இந்தா நிக்கிறோம். எண்ணிப் பாத்துக்கங்க."

பத்திரிகைக்காரர் பேனாவைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரைப் பார்த்தார். பணிப்பாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "உறுதிப்படுத்தப்படாத தகவல். பிரசுரித்தால் நாங்கள் மறுப்பு அறிக்கை வெளியிட வேண்டி வரும்."

ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரைச் சரோன் கடையிலிருந்து வாங்கி வந்து, சமையல்கட்டில் நின்று வாசித்தாள். 'மண்சரிவிலிருந்து இருபத்துநான்கு தரவுப் பிரதிகள் மீட்பு' என்று நாலு பத்தித் தலைப்பு. கீழே பணிப்பாளர் ஒரு சீடியைத் தூக்கிப் பிடித்திருக்கும் படம். கடைசி வரியில், குழுவின் பதவிக்காலம் இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீடிக்கப்பட்டிருப்பதாகப் போட்டிருந்தது. சரோன் பேப்பரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, நம்மளப் பத்தி ஒரு வார்த்தகூடப் போடலம்மா. நாம எல்லாம் இருக்கோமா செத்தோமான்னுகூட இல்ல."

அந்தோனியம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சத்தமாச் சொல்லாத புள்ள. நாம இருக்கறது தெரிஞ்சா வந்து எழுப்பிருவாங்க."